காரில் ஒட்டிய பசையும் பிசினும்: பெயின்ட்டுக்குச் சேதமில்லாமல் நீக்கும் வழி

ஸ்டிக்கர் பசையோ, மரத்துப் பிசினோ, தாரோ எது ஒட்டியிருந்தாலும் நம் கை முதலில் தேடுவது அழுத்தித் தேய்க்க ஒரு பொருளைத்தான். பெயின்ட் பாழாவது அந்தத் தேய்ப்பில்தான். ஒட்டியிருப்பது எதில் கரையும் என்று தெரிந்துவிட்டால், தேய்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. தண்ணீரில் கரைவது, எண்ணெயில் இளகுவது, ஸ்பிரிட் எனப்படும் ஆல்கஹாலில் கரைவது என்ற மூன்று வகைக்குள் ஏறக்குறைய எல்லாப் பிசுக்கும் அடங்கிவிடும். உங்கள் காரில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

தொடங்கும் முன்

இன்றைய கார்களில் நாம் பார்க்கும் நிறத்தின் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், நாம் காப்பாற்ற வேண்டியது எவ்வளவு மெல்லியது என்று புரியும். பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. தொழிற்சாலையில் இதைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். அதனால் மண்ணெண்ணெய், ஸ்பிரிட் போன்றவை சில நிமிடங்கள் பட்டாலும் அது தாங்கிக்கொள்ளும். விபத்துக்குப் பிறகு பட்டறையில் அடித்த பெயின்ட் அப்படியல்ல. அங்கே 60 முதல் 80 டிகிரியில் காய வைப்பார்கள், அல்லது வெறும் காற்றில் காயவிடுவார்கள். அந்தப் பூச்சு எப்போதுமே சற்று மென்மையானது.

எனவே எந்தத் திரவமானாலும் முதலில் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பலரும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் சோதித்துவிட்டுக் கதவில் தடவுகிறார்கள். மூடி தொழிற்சாலைப் பெயின்ட்டாகவும் கதவு பட்டறைப் பெயின்ட்டாகவும் இருந்தால் அந்தச் சோதனையால் பயனில்லை. எந்தக் கதவில் வேலை செய்யப் போகிறீர்களோ, அதே கதவின் கீழ் விளிம்பில் சோதியுங்கள்.

காரை நிழலில் நிறுத்துங்கள். புறங்கையை பானெட்டின் மேல் வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் எந்தத் திரவமும் வேலை செய்வதற்குள் ஆவியாகி, விளிம்பில் வட்டத் தழும்பை விட்டுப் போகும். அடுத்து, பிசுக்கைத் தொடுவதற்கு முன் அந்த இடத்தை ஷாம்பூத் தண்ணீரால் கழுவுங்கள். நம் ஊர்த் தூசியில் நுண்மணல் நிறைய இருக்கிறது. பசையில் அந்த மணல் புதைந்திருக்கும்போது துணியைப் போட்டு அழுத்தினால், உப்புத்தாளை வைத்துத் தேய்த்த விளைவுதான் வரும்.

துணி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் எஞ்சின் எண்ணெய் துடைக்க அருமையான பொருள். ஆனால் அந்தத் துண்டுகளில் தையல் விளிம்பும் எலாஸ்டிக்கும் இருக்கும். பளபளப்பான பெயின்ட்டில் அவை கோடு போடும். நல்ல மைக்ரோஃபைபர் துணி நான்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள். அது அன்றைக்கு டயர் துடைக்க மட்டும்தான்.

என்ன ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, அது காரில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே முதல் துப்பு. கூரையிலும் பானெட்டிலும் இருந்தால் மரம். கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்துக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் என்றால் தார். கதவு விளிம்பு, டிக்கி, பின் கண்ணாடி என்றால் பெரும்பாலும் ஸ்டிக்கரோ டேப்போதான். அப்போதும் புரியவில்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன்மேல் 10 நிமிடம் போட்டு வையுங்கள். இளகினால் தண்ணீர் வகை. இளகவில்லையென்றால் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் ஸ்பிரிட்.

அறிகுறி: ஸ்டிக்கரை உரித்தாகிவிட்டது, பசை மட்டும் நிற்கிறது

2024 மே மாதத் தொடக்கத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, தனியார் வாகனங்களில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வழக்கறிஞர்’ என்றெல்லாம் அனுமதியின்றி ஒட்டியிருப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, பலர் அவசரமாக ஸ்டிக்கர்களை உரித்தார்கள். அவசரத்தில் உரித்தால் மேல் தாள் வரும், பசை நிற்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்த ஸ்டிக்கர் என்றால் மேல் பிளாஸ்டிக்கும் துண்டு துண்டாக உடைந்து வரும்.

ஸ்டிக்கர் இன்னும் முழுதாக இருந்தால் அதிர்ஷ்டம். ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடுபடுத்துங்கள். தகட்டில் கை வைத்தால் தாங்க முடிகிற சூடு போதும். பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது. பழக்கமில்லாத கையில் அது பெயின்ட்டைக் கொப்பளிக்க வைக்கும், பம்பர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் ஸ்டிக்கரின் மேலேயே மடித்தாற்போல், தகட்டையொட்டிப் பின்னோக்கி மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் பசை காரோடு நின்றுவிடும். மெதுவாக இழுத்தால் பெரும்பகுதி ஸ்டிக்கரோடு வந்துவிடும். கையால் கிளப்ப முடியவில்லையென்றால் காலாவதியான ஏ.டி.எம். அட்டை போதும். பிளேடு, திருப்புளி, சமையலறைக் கத்தி எதுவும் பெயின்ட்டின் பக்கம் வரக் கூடாது.

பசை மட்டும் மிஞ்சியிருந்தால், இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறதா, காய்ந்து பழுப்பாகிவிட்டதா என்று பாருங்கள்.

பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய் வகைதான். சமையலறைத் தேங்காய் எண்ணெயே வேலை செய்யும், நேரம் மட்டும் பிடிக்கும். பஞ்சில் நனைத்துப் பசையின் மேல் ஒட்ட வைத்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நீலகிரித் தைலம் இன்னும் வேகமாக வேலை செய்யும். அது வலுவான கரைப்பான் என்பதால் துணியில் சில சொட்டு மட்டும், இரண்டு மூன்று நிமிடம் மட்டும். டபிள்யூ.டி.-40 போன்ற தெளிப்பானும் நல்ல வழிதான். நேரே காரில் பீய்ச்சாமல் துணியில் தெளித்துப் பசையின் மேல் அழுத்தி வையுங்கள்.

எண்ணெய் ஊறியதும் கட்டை விரலால் பசையின் விளிம்பை மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஊறாத பசை விரலோடு இழுபட்டு நூல் விடும். ஊறிய பசை சுருண்டு, சாம்பல் நிறத் திரியாக உருளத் தொடங்கும். அந்தத் திரி உருண்டு வரும் திசையிலேயே தள்ளிக்கொண்டு போனால், அடியில் பெயின்ட் சுத்தமாக வெளிப்படும். ஓரிடத்தில் உருளாமல் நின்றால் அங்கே இன்னும் ஊறவில்லை என்று பொருள். அங்கே மறுபடி எண்ணெய் வைத்துக் காத்திருங்கள். விரலின் தோல்தான் இந்த வேலைக்கு மிகச் சிறந்த கருவி. பசை எங்கே முடிகிறது, மணல் எங்கே நெருடுகிறது என்று அதற்கு உடனே தெரியும்.

காய்ந்து பழுப்பாகி, தொட்டால் ஒட்டாத நிலைக்குப் போன பசைக்கு எண்ணெய் மட்டும் போதாது. முதலில் ஹேர் டிரையரால் இளக்கி, அட்டையால் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் பிறகு எண்ணெய் வையுங்கள். சூடு காட்டும் வேலையும் கரைப்பான் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. ஸ்பிரிட்டும் தைலமும் தீப்பற்றும் பொருள்கள். தகடு ஆறிய பிறகே புட்டியைத் திறக்க வேண்டும்.

எல்லாம் போன பிறகு ஷாம்பூவால் அந்த இடத்தை இருமுறை கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் கொஞ்சம் தங்கினாலும் மறுநாளே தூசி அப்பி, பசை போகவில்லை போலிருக்கிறதே என்று உங்களை ஏமாற்றும்.

அறிகுறி: நுரைப்பஞ்சு போன்ற டபுள் சைடு டேப் ஒட்டிக்கொண்டு நிற்கிறது

கதவுகளுக்கு மேல் ஒட்டும் மழைத்தடுப்பு வைசர், பக்கவாட்டு பீடிங், பின்புற எழுத்துகள் ஆகியவற்றைக் கழற்றினால் இது மிஞ்சும். பொருள் இன்னும் ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள். சூடுபடுத்திவிட்டுத் தூண்டில் நரம்பை அதன் பின்னால் கொடுத்து, இரு முனையையும் பிடித்து ரம்பம் இழுப்பதுபோல் மாறி மாறி இழுத்தால் நுரை அறுபட்டுப் பொருள் கையோடு வந்துவிடும். நரம்பு பெயின்ட்டில் உரசாமல் நுரையின் நடுவே ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய நுரையைச் சூடுபடுத்தி விரலால் உருட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். அடியில் நிற்கும் மெல்லிய படலத்துக்கு மேலே சொன்ன எண்ணெய் முறைதான். ஸ்டிக்கர் கடைகளில் டிரில்லில் ரப்பர் சக்கரம் மாட்டி ஓட்டுவார்கள். பழகிய கையில் அது சில நிமிட வேலை. ஆனால் சக்கரம் ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பெயின்ட் கருகும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது என்பதால் அங்கே அது வேண்டவே வேண்டாம். பட்டறைப் பெயின்ட் அடித்த கதவிலும் வேண்டாம்.

அறிகுறி: கல்யாண ஊர்வலம் முடிந்தது, டேப் தழும்பு போகவில்லை

மாப்பிள்ளைக் காரில் பூ ஜோடிப்பவர்கள் பானெட்டிலிருந்து கூரை வரை செல்லோ டேப்பை ஓட்டிவிடுவார்கள். ஒரு பகல் வெயில் போதும், டேப்பின் பசை அப்படியே பெயின்ட்டில் இறங்கிவிடும். அன்று மாலையே பிரித்தால் வெதுவெதுப்பான நீரும் ஷாம்பூவும் போதும். இரண்டு நாள் கழித்து என்றால் தேங்காய் எண்ணெய். பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பைப் பெயின்ட்டில் ஒட்டவே விடாதீர்கள், அதன் பசை பிடிவாதமானது. ஜோடிக்க வருபவரிடம், “தம்பி, டேப் வேண்டாம், நூலால் கட்டுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கதவிடுக்கிலும் பானெட் இடுக்கிலும் நூல் கொடுத்துக் கட்ட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மைதாப் பசையால் ஒட்டிய காகிதம் என்றால் கவலையே இல்லை. நனைத்த துணியைப் போர்த்திக் கால் மணி நேரம் விட்டால் தானே வழுக்கிக்கொண்டு வரும். வண்ணக் காகிதத்தை மட்டும் காரின் மேல் ஈரத்தோடு ஊறவிடாதீர்கள். வெள்ளைக் காரில் அதன் சாயம் இறங்கும்.

அறிகுறி: காலையில் பார்த்தால் கார் முழுக்க நுண்ணிய பிசுபிசுப்புத் துளிகள்

மரத்தடியில் நிறுத்திய காரில் தெளிப்பானால் தெளித்ததுபோல் இருக்கும். கை வைத்தால் ஒட்டும். பானெட்டில் எறும்புகள் சாரை போட்டால் சந்தேகமே வேண்டாம், அது சர்க்கரை. மரத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்றவை வெளியேற்றும் இனிப்பான கழிவு அது. மா பூக்கும் தை, மாசி மாதங்களில் மாமரத்தடியில் இதை நிறையப் பார்க்கலாம். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் விழும்.

சர்க்கரை என்பதால் தண்ணீருக்கே கரையும். வெதுவெதுப்பான நீரை மேலிருந்து ஊற்றிச் சில நிமிடம் விட்டு, ஷாம்பூத் துணியால் அழுத்தாமல் வழித்தால் முடிந்தது. இதற்குப் போய் மண்ணெண்ணெய் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாள்கணக்கில் விட்டால்தான் தொல்லை. அந்த இனிப்பின் மேல் கரும்பூஞ்சை வளரும், தூசி சேர்ந்து தோலாக இறுகும். அப்போதும் மருந்து தண்ணீர்தான், ஊற வைக்கும் நேரம்தான் கூடும்.

அறிகுறி: கூரையில் உருண்டையாக, கெட்டியாகப் பிசின்

இங்கேதான் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாமல் போகிறது. “மரப் பிசினா, ஆல்கஹால் தடவுங்கள்” என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்கின்றன. அவர்கள் சொல்வது பைன் மரத்தை மனதில் வைத்து. பைன் வடிக்கும் பிசின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பைன் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஆலோசனை சரி. நம் தெருவில் நிற்கும் வேம்பும் முருங்கையும் கருவேலமும் வடிப்பது வேறு பொருள். அது தண்ணீரில் கரையும் அல்லது ஊறி உப்பும் வகை. இரவில் ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய உப்பியிருக்கும் பாதாம் பிசினைப் போன்றது. அதில் ஸ்பிரிட்டை ஊற்றினால் கரைவதற்குப் பதிலாக இன்னும் இறுகும்.

ஆகவே வேப்பம் பிசினோ முருங்கைப் பிசினோ என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த தடித்த துணியை அதன்மேல் போட்டு, காயக் காய நனைத்துக்கொண்டே இருங்கள். அரை மணியில் மேல்பகுதி கூழாகும். கூழை வழித்தெடுத்துவிட்டு மறுபடி துணி. கெட்டி உருண்டையை நகத்தால் பெயர்க்க நினைக்காதீர்கள். அது பெயரும்போது கிளியர் கோட்டில் ஒரு சில்லையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

பைன் பிசின் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து உருண்டையின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பு மங்கி இளகியதும் துடைத்தெடுத்து, பஞ்சை மாற்றி மறுபடி வையுங்கள். கைகளுக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் உள்ள மற்றப் பொருள்கள் தாமே ஒரு பிசுக்கை விட்டுப் போகும்.

ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவற்றின் பால் மூன்றாவது ரகம். வெள்ளையாகச் சொட்டி, காய்ந்ததும் பழுப்பு ரப்பராகும். பலாப்பழம் அறுக்க உட்காருபவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். காருக்கும் அதே எண்ணெய்தான். ஊற வைத்து உருட்டி எடுங்கள்.

மாங்காய்க் காம்பிலிருந்து தெறிக்கும் பாலை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். தோலையே பொசுக்கும் தன்மை அதற்கு உண்டு. பார்த்த உடனே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பறவை எச்சத்துக்கும் வௌவால் எச்சத்துக்கும் இதே அவசரம் பொருந்தும். நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டுத் தூக்கி எடுக்க வேண்டும். உள்ளே பழக்கொட்டைத் துணுக்கும் மணலும் இருக்கும் என்பதால் இழுத்துத் துடைக்கக் கூடாது.

அறிகுறி: கதவின் அடியில் கறுப்புப் புள்ளிகள், கழுவினாலும் போகவில்லை

தார். புதிதாகப் போட்ட சாலையிலோ, சித்திரை வெயிலில் இளகிய சாலையிலோ போய் வந்தால் வரும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள் என்பதால் பெட்ரோலிய வகைக் கரைப்பானுக்கு இளகும். கார் உதிரிபாகக் கடையில் தார் நீக்கி என்று கேட்டால் கிடைக்கும். டபிள்யூ.டி.-40யும் சரி. துணியை நனைத்துப் புள்ளியின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒட்ட வைத்தால் பழுப்பு நிறக் கோடாகத் தார் வழிந்து இறங்குவது தெரியும். அப்போது ஒரே இழுப்பில் துடைத்து, துணியின் பக்கத்தை மாற்றுங்கள். அதே பக்கத்தால் அடுத்த புள்ளியைத் துடைத்தால் கரைந்த தாரைக் கதவு முழுக்கப் பூசுவீர்கள். தாருக்குள் பொடி ஜல்லி புதைந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இளகாத புள்ளியைத் தேய்த்தால் அந்த ஜல்லிதான் கீறும்.

மண்ணெண்ணெய் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தொழிற்சாலைப் பெயின்ட்டில், துணியில் நனைத்து, தாரின் மேல் மட்டும் தொட்டு, உடனே ஷாம்பூவால் கழுவினால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் ரப்பர் பீடிங்கில் பட்டால் அது ஊறி உப்பும். கழுவாமல் விட்டால் மங்கலான படலம் நிற்கும். வேறு வழி கிடைக்கும்போது அதைத் தேடிப் போவானேன் என்பதே என் கருத்து. பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். ஒரு புள்ளித் தாருக்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டாம். தின்னரும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் பெயின்ட்டையே கரைக்கும் பொருள்கள். அவற்றைக் காரின் பக்கத்தில் திறக்கக்கூட வேண்டாம்.

அறிகுறி: ஆயுத பூஜை முடிந்தும் சந்தனம் போகவில்லை

காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் அதன் பொடியே அரம்போல் வேலை செய்யும். நனைத்து ஊறவிட்டு வழியுங்கள். மஞ்சள் கறை வெள்ளைக் காரில் நின்றால் கழுவிய பிறகு வெயிலில் சில நாள் விடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். குங்குமத்தில் இப்போது செயற்கைச் சாயம் கலப்பதால் அதை அன்று மாலையே கழுவிவிடுவது நல்லது.

அறிகுறி: கண்ணாடி போல் இறுகிய ஒட்டுப் பசை

உடனடியாக ஒட்டும் பசை சிந்தியிருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அதைக் கரைக்கும் அசிட்டோன் பெயின்ட்டையும் கரைக்கும். நல்ல பெயின்டரிடம் விடுங்கள். ஈரமாக இழைத்து பாலிஷ் போட்டு அவர்களால் எடுக்க முடியும். சூயிங்கம் என்றால் ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்மேல் வையுங்கள். விறைத்ததும் அட்டையால் தட்டினால் கழன்றுவிடும்.

அறிகுறி: பெயின்ட் இல்லாத இடத்தில் பசை

முன் கண்ணாடியில் பழைய ஃபாஸ்டேக் பசை நின்றால் ஈரமாக்கிவிட்டுப் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். காரிலேயே பிளேடுக்கு அனுமதி உள்ள இடம் கண்ணாடி ஒன்றுதான். பின் கண்ணாடியில் அதுவும் கூடாது. உட்புறத்தில் ஓடும் மெல்லிய வெப்பக் கம்பிக் கோடுகள் ஒரே சுரண்டலில் அறுந்துபோகும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது, பின் கண்ணாடிப் பசையைப் பிளேடால் எடுக்கப் போனவர்களுக்குக் காத்திருந்த ஆபத்து இதுதான். அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவைத்து, அட்டையால்தான் வழிக்க வேண்டும்.

முகப்பு விளக்குகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஸ்பிரிட், தைலம், தார் நீக்கி எதுவும் அதில் வேண்டாம். சோப்புத் தண்ணீர், தேவைப்பட்டால் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். பெயின்ட் அடிக்காத கறுப்புப் பம்பர் பாகங்களில் பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பக்கத்தில் வேலை செய்யும்போது அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மேட் பெயின்ட் கார் வைத்திருப்பவர்கள் பாலிஷைத் தொடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, பிறகு சரி செய்ய முடியாமல் போகும்.

அறிகுறி: பிசுக்கு போய்விட்டது, ஆனால் இடம் முன்புபோல் இல்லை

வெண்மையாக மங்கியிருந்தால் முதலில் அது மிச்சமிருக்கும் எண்ணெயா, போர்த் தண்ணீரின் உப்பா என்று பாருங்கள். கழுவி, சொட்டு நிற்காமல் துடைத்துக் காயவைத்த பிறகும் மங்கல் இருந்தால் கிளியர் கோட்டின் மேல்பரப்பு கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது. மென்மையான ஃபினிஷிங் பாலிஷைக் கையால் சிறு வட்டமாகப் போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். பற்பசை போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதிலுள்ள தேய்ப்புத் துகள் பல்லுக்காகச் செய்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், தேங்காய் நார், சமையல் சோடா ஆகியவற்றுக்கும் அதே பதில்தான்.

ஸ்டிக்கர் இருந்த வடிவம் அப்படியே நிழலாகத் தெரிகிறது என்றால், அது பசையல்ல. அந்த இடம் வெயில் படாமல் பழைய நிறத்தோடு இருக்கிறது, சுற்றிலும் உள்ள பெயின்ட்தான் வெளுத்திருக்கிறது. எந்தப் பசை நீக்கியாலும் அது போகாது. சுற்றுப்புறத்துக்கு பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும், முழுக்க மறையும் என்று உறுதி தர முடியாது.

தடவிப் பார்த்தால் சொரசொரப்பு மட்டும் தெரிகிறது, கண்ணுக்கு எதுவும் இல்லை என்றால் கிளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டியை வாங்கி, ஷாம்பூத் தண்ணீர் வழுவழுப்பில் அழுத்தாமல் ஓட்டுங்கள். சுத்தம் செய்த இடத்தில் பழைய மெழுகுப் பூச்சும் கரைந்து போயிருக்கும். தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக நிற்காமல் பரவும். அங்கே கார் வேக்ஸ் ஒரு பூச்சு போட்டுவிட்டால் அடுத்த முறை எது விழுந்தாலும் சுலபமாக வரும்.

கரைப்பான் பட்ட இடம் விரலுக்கு மெத்தென்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். துடைக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நிழலில் ஒரு நாள் அப்படியே விட்டால் ஊறிய கரைப்பான் ஆவியாகிப் பூச்சு மறுபடி இறுக வாய்ப்பு உண்டு. அப்போதுதான் சேதம் எவ்வளவு என்று தெரியும்.

துணியில் காரின் நிறமே வருகிறது என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட்டாகவோ, பட்டறையில் அடித்த பெயின்ட்டாகவோ இருக்கலாம். அல்லது கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதில் எதுவானாலும் மிச்சப் பிசுக்கை அப்படியே விட்டுவிட்டு பெயின்டரிடம் காட்டுங்கள். எந்தத் திரவத்தை எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கதவின் உள்விளிம்பிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் பெயின்ட் எண்ணையும் குறித்துக்கொண்டு போனால், சரியான நிறத்தைக் கலக்க அவருக்கு உதவியாக இருக்கும்.